ஆறு குழிகளில் தோன்றிய மஞ்சள் நிறம்: இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்ட வரலாறு

1985இன் இறுதியில் எய்ட்ஸ் என்பது இந்தியர் பலருக்கு மேலைநாட்டு நோயாகவே தோன்றியது. அந்நிலையில், சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் அந்நோயைத் தேடும் பணியை ஆய்வுப் பொருளாக ஒப்படைத்தார். பாலியல் தொழிலின்பொருட்டுக் கைது செய்யப்பட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து, மூன்று மாதங்களில் 80க்கும் மேற்பட்ட குருதி மாதிரிகளை நிர்மலா திரட்டினார். பிரித்தெடுத்த சீரம் அவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே பாதுகாக்கப்பட்டது.

சென்னையில் எலிசா சோதனைக்கு அன்று வசதியில்லை. 1986 பிப்ரவரியில் நிர்மலா தம் கணவருடன் பனிக்கட்டிப் பெட்டியில் மாதிரிகளை எடுத்துக்கொண்டு, இரவு ரயிலில் காட்பாடி சென்றார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜான் தலைமையிலான வைரஸ் ஆய்வுத் துறையில் சோதனை தொடங்கியது. நண்பகலில் மின்சாரம் தடைப்பட, அனைவரும் தேநீர் அருந்தச் சென்றனர். திரும்பி வந்து தட்டின் மூடியைத் திறந்தபோது, ஆறு குழிகள் மஞ்சளாக மாறியிருந்தன.

அந்நிறம் உணர்த்தியது யாது? தட்டின் குழிகளில் வைரஸின் புரதங்கள் பதிக்கப்பட்டிருக்கும். சீரத்தில் அவ்வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள் இருப்பின், அது அப்புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். நொதி இணைக்கப்பட்ட மற்றொரு எதிர்ப்பொருள் அதனைப் பற்றி நிறமாற்றத்தை விளைவிக்கும். எனவே எலிசா கண்டது வைரஸையன்று, அதற்கு உடல் அளித்த மறுமொழியையே. இதனால் தொற்று நேர்ந்த முதற்சில வாரங்களில் அது தவறிவிடலாம். தொற்றில்லாதவரையும் சிலவேளை தொற்றுடையவராகக் காட்டலாம். இதனை நன்கறிந்த ஆய்வாளர்கள், அந்த அறுவரிடமும் மீண்டும் குருதி எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினர். அங்கு நடந்த வெஸ்டர்ன் பிளாட் சோதனை தொற்றை உறுதி செய்தது. 1986 மே மாதத்தில் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே தமிழகச் சட்டமன்றத்தில் இதனை அறிவித்தார்.

ஆய்வுக்கூடத்தில் இத்துணை எச்சரிக்கை காட்டப்பட்டது. ஆயினும் குருதி தந்த பெண்களிடம், இது எய்ட்ஸுக்கான சோதனை என்று கூறப்படவில்லை. காவலில் இருந்தோர்க்கு மறுக்கும் வாய்ப்பும் அரிதே. பின்னாளில், தொற்றுடையோர் என்னும் காரணத்துக்காகக் காவலில் நீட்டித்து வைக்கப்பட்ட பெண்களின் விடுதலைக்கு உயர்நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது.

இன்று தொற்றை உறுதி செய்ய, வெவ்வேறு சோதனைக் கருவிகளால் மூன்று முறை பரிசோதிப்பது நம் தேசிய நெறிமுறை. எதிர்ப்பொருளோடு வைரஸின் பி24 புரதத்தையும் கண்டறியும் சோதனைகள், காத்திருப்புக் காலத்தைச் சுருக்கியுள்ளன. ஒப்புதலும், முன்பின் ஆலோசனையும், இரகசியக் காப்பும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாயின. அது நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10இல். சோதனை முடிவை உறுதி செய்யும் வழி 1986இலேயே நம்மிடம் இருந்தது. சோதிக்கப்படுவோரின் உரிமையை உறுதி செய்யும் சட்டத்திற்கு மேலும் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சுனிதி சாலமன், நிர்மலா ஆகியோரின் அருஞ்செயலைப் போற்றும்போது, அந்த அறுவரையும் இவ்வரலாற்றின் மாந்தராகவே நாம் எழுத வேண்டும்.