ஆள் தேறியதும் மாயமான புரதம்

1930. நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வகத்தில் வில்லியம் டிலெட், தாமஸ் பிரான்சிஸ் இருவரும் நிமோனியா நோயாளிகளின் ரத்தச் சீரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கிருமியிலிருந்து பிரித்தெடுத்து 'சி' என்று பெயர் வைத்திருந்த சர்க்கரைப் பொருளைச் சீரத்தில் விட்டதும், கண்ணாடிக் குழாயில் வெள்ளையாகத் திரிந்தது. எதிர்ப்புப் பொருள் என்றால் ஆள் தேறத் தேறக் கூட வேண்டும். இதுவோ காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது மட்டும் திரிந்தது. ஆள் எழுந்து உட்கார்ந்ததும் மாயமாகிவிட்டது!

அது ஒரு புரதம் என்று 1941-ல் ஏவரியும் மக்லியாடும் காட்டினார்கள். மூன்றே வருடத்தில், மரபைச் சுமப்பது டிஎன்ஏதான் என்று காட்டிய குழுவிலும் இருந்தவர்கள். வாதக் காய்ச்சல் அடங்கிவிட்டதா என்று பார்க்கப் புரதம் கொஞ்ச காலம் உதவியது. ஆனால் எந்த அழற்சி வந்தாலும் ஏறிவிடும். எங்கே, எதனால் என்று சொல்லத் தெரியாத சாட்சியை யார் கூண்டில் ஏற்றுவார்கள்?

ஏற்றியவர் பாஸ்டன் டாக்டர் பால் ரிட்கர். ஆண் மருத்துவர்கள் எப்போதோ கொடுத்து, உறைய வைத்திருந்த ரத்தத்தை 1997-ல் அலசினார். பின்னாளில் மாரடைப்பு கண்டவர்களுக்கு, காய்ச்சல் தலைவலி ஏதுமில்லாத காலத்திலேயே அந்தப் புரதம் துளி கூடுதலாக இருந்திருக்கிறது. சரி, பெண்களுக்கு?

2000-ல் பதில் வந்தது. மாதவிடாய் நின்ற 28,263 பெண்களிடையே நடந்த ஆய்வில், இதய ஆபத்தை முன்கூட்டிச் சொல்லக்கூடிய 12 அளவுகளை ஒப்பிட்டார்கள். கொலஸ்ட்ராலை முந்திக்கொண்டு இந்தப் புரதம் முதலில் நின்றது. அதற்கு முந்தைய வருடமே இன்னொரு முடிச்சு விழுந்திருந்தது. மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு மாரடைப்பு குறைவு. ஆகவே நின்றபின் ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் இதயம் பிழைக்கும் என்று டாக்டர்கள் நம்பினார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் மாத்திரை விழுங்கியவர்களிடம் புரதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு!

விழுங்கிய ஹார்மோன் நேரே போவது கல்லீரலுக்கு. புரதம் உற்பத்தியாவதும் அங்கேதான். தோலில் ஒட்டும் பட்டையில் அந்த ஏற்றம் இல்லை. 2002-ல் அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த ஈஸ்ட்ரோஜன்–புரொஜஸ்டின் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் கூடியிருந்தது. குறைய வேண்டிய மாரடைப்பும் கூடியிருந்தது. அப்படியானால் புரதம்தான் குற்றவாளியா?

இல்லை, வெறும் சாட்சி என்றன பின்னால் வந்த மரபணு ஆய்வுகள். இந்தச் சாட்சி நம் ஊருக்கும் பொருந்தும்: சர்க்கரை நோயோடும் இதய நோயோடும் அது சேர்ந்தே ஏறுவதை 2005-ல் சென்னையில் டாக்டர் வி. மோகன் குழு காட்டியது.

குண்டடத்தில் விடிந்ததும் பனியன் கம்பெனி வேன் ஏறும் பெண்கள், காய்ச்சலுக்குத் தாராபுரத்தில் ரத்தம் கொடுத்து வாங்கி வரும் லேப் ரிப்போர்ட்டில், டெங்கு வரிக்குப் பக்கத்தில் இருக்கும் 'சிஆர்பி' அந்தப் புரதம்தான். இதயத்துக்குப் பார்ப்பது அதையே நுணுக்கமாக அளக்கும் ஹெச்எஸ்-சிஆர்பி. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு, 3-ஐத் தாண்டினால் அதிகம். 10-க்கு மேல் போனால் அது பெரும்பாலும் சளி, காய்ச்சலின் வேலை. சில வாரம் கழித்து, ரத்தம் எடுக்க மறுபடி ஊசி குத்திக்கொள்ள வேண்டியதுதான்.