அலாஸ்கா கப்பலும் ஒரு பழைய கணக்கும்

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், பெற்றோருக்கு ஊர் சுற்றிக் காட்ட ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். முதல் பயணத்தில் நயாகரா. இரண்டாவதில் கிராண்ட் கேன்யன், லாஸ் வேகாஸ். பேரனுக்கு நாலு வயதாகி, இனி டயப்பர் பை தூக்க வேண்டியதில்லை என்றானதும் அலாஸ்கா குரூஸ். இங்கே புனேயில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களிலேயே ஏழெட்டுப் பேர் போய்வந்துவிட்டார்கள். எப்படி இருந்தது என்று கேட்டால் மூன்று பதில்தான் வரும். ஒரே குளிர். சாப்பாடு எந்நேரமும் கிடைக்கும். பனி உடைந்து விழுந்ததை வீடியோ எடுத்திருக்கிறேன், பாருங்கள்.

மைத்துனர் புண்ணியத்தில் நாங்களும் போய்வந்தோம். மேற்படி மூன்றும் உண்மைதான் :-)

சியாட்டிலில் ஏறி ஏழு நாளில் அங்கேயே இறங்கும் பயணம். கெட்சிகன், ஜூனோ, ஸ்காக்வே என்று சின்னச் சின்ன ஊர்கள். தீவுகளுக்கும் கரைக்கும் நடுவில் போவதால் பெரும்பாலும் தண்ணீர் நம்ம ஊர்த் தெப்பக்குளம் மாதிரி அசையாமல் கிடக்கிறது. (கடைசி நாள் சாயங்காலம் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிறுத்துவார்கள். "இருட்டிய பிறகு இங்கே எதற்கு?" என்று பலர் முணுமுணுத்தார்கள். காரணம் 1886ஆம் வருடச் சட்டம் ஒன்று. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் மட்டுமே பயணிகளைச் சுமந்துவிட்டுத் திரும்ப முடியாது. நடுவில் ஒரு வெளிநாட்டைத் தொட்டாக வேண்டும். 2021இல் கொரோனாவால் கனடா துறைமுகங்களை மூடியிருந்தபோது, இந்த விக்டோரியா நிறுத்தத்துக்கு விலக்குக் கொடுக்க அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.)

பயணத்தின் உச்சம் கிளேசியர் பே. பனியாறுகள் வந்து விழும் நீண்ட விரிகுடா. பெரிய கப்பல்களில் ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். யாரும் கீழே இறங்கவும் முடியாது. பூங்கா ரேஞ்சர்கள் ஒரு சிறு படகில் வந்து கப்பலில் ஏறிக்கொண்டு மைக்கில் விளக்குகிறார்கள். மார்ஜரி என்ற பனியாற்றின் முன்னால் கப்பல் நின்று, இரண்டு பக்கத்தாரும் பார்க்கட்டும் என்று மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுகிறது. எதிரே நீர்மட்டத்துக்கு மேல் சுமார் 250 அடி உயரச் சுவர், இங்க் கொட்டியது போல நீலம். ஒரு துண்டு உடைந்து விழுவது முதலில் கண்ணுக்குத் தெரிகிறது. சத்தம் கொஞ்சம் கழித்துத்தான் வருகிறது, தூரத்து இடி போல. மிதக்கும் பனிக்கட்டிகளில் அடைபட்ட பழைய காற்று வெளியேறும்போது கோலி சோடா திறந்த மாதிரி ஒரு சடசடப்பு.

ஆயிரக்கணக்கான பேர் இருக்கும் கப்பல் அந்த ஒரு மணி நேரம் அப்படியே அமைதியானது. "மனிதன் கால் படாத இடம்" என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். விளம்பரப் புத்தகத்திலும் ஏறக்குறைய அதைத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் காலையில்தான் ரேஞ்சர் வேறு விஷயம் சொல்லியிருந்தார். விரிகுடாவின் கீழ்ப்பகுதியில், நாம் மிதந்துகொண்டிருக்கும் இடத்தில், 300 வருடங்களுக்கு முன்னால் கடலே இல்லை. புல்வெளியும் ஆறும் இருந்தன. ஊர் இருந்தது.

ஊருக்கு வந்த பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மீதிப் பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே வாழ்ந்தவர்கள் ஹூனா கிளிங்கிட் மக்கள். அவர்கள் சொல்லும் கதை இது. காஸ்டீன் என்ற பெண் பெரியவளானதும், வழக்கப்படி தனியாக ஒதுக்கி உட்கார வைத்திருந்தார்கள். (நம்ம ஊரில் குச்சு கட்டி உட்கார வைத்தது நினைவுக்கு வருகிறதா?) தனிமையில் அலுத்துப்போன அந்தப் பெண் தூரத்துப் பனியாற்றைச் செல்லமாகக் கூப்பிட்டுவிட்டாள். அது நாய் ஓடிவரும் வேகத்தில் வந்தது. வீடுகளை நொறுக்கிக்கொண்டு வந்தது. ஊர் முழுக்கப் படகேறியபோது, நான் கூப்பிட்டுத்தானே வந்தது, நான் இங்கேயே இருக்கிறேன் என்று அவள் தங்கிவிட்டாள். அவள் அல்ல, ஒரு பாட்டி தங்கினாள் என்று இன்னொரு வடிவமும் உண்டு. இன்றும் அந்தக் குலத்தாருக்குப் பனியாறு என்பது காட்சிப் பொருள் அல்ல, மூதாதை. சொந்தக்காரர்.

கட்டுக்கதைதானே என்று தோன்றும். ஆனால் புவியியலாளர்கள் பனிக்கு அடியில் புதைந்த மரங்களையும் மண்ணடுக்குகளையும் வைத்துப் பார்த்ததில், 1700களின் முற்பாதியில் பனி மிக வேகமாக முன்னேறி அந்தச் சமவெளியை மூடியது உறுதியாகியிருக்கிறது. மக்கள் நீரிணையைக் கடந்து போய் ஹூனா என்ற ஊரை அமைத்துக்கொண்டார்கள்.

1794இல் கேப்டன் வான்கூவரின் ஆட்கள் அந்தப் பக்கம் வந்தபோது விரிகுடா என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. சுமார் 5 மைல் உள்வாங்கிய ஒரு வளைவு, அதற்கு அப்பால் பனிச் சுவர். அவர்கள் வரைபடத்தில் அதைத்தான் போட்டார்கள். பிறகு பனி பின்வாங்கத் தொடங்கியது. 1916க்குள் விரிகுடாவின் வாயிலிருந்து 65 மைல் பின்னுக்குப் போய்விட்டது. பனி விலக விலக ஹூனா மக்கள் சீல் பிடிக்கவும் பழம் பறிக்கவும் பழைய இடத்துக்குத் திரும்பப் போய்வரத் தொடங்கினார்கள்.

இந்த நேரத்தில்தான் ஜான் மியூர் வருகிறார், 1879 அக்டோபரில். அமெரிக்க இயற்கைப் பாதுகாப்பின் பிதாமகர். விரிகுடாவைக் "கண்டுபிடித்தவர்" என்று பல புத்தகங்களில் இருக்கிறது. எப்படிப் போனார்? ஒரு பாதிரியாருடன், நாலு கிளிங்கிட்காரர்கள் துடுப்புப் போட்ட மரப்படகில். வழியில் சீல் வேட்டைக்காரர்களின் குடிசையில் தங்கி, அங்கிருந்து ஒரு ஹூனாக்காரரை வழிகாட்டியாக ஏற்றிக்கொண்டார்கள். வீட்டுக்காரன் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டிய வீட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. மியூர் எழுதிய வர்ணனைகள் அபாரமானவை, அதை மறுக்கவில்லை. அவரைப் படித்துத்தான் கூட்டம் கிளம்பியது.

முதல் சுற்றுலா நீராவிக் கப்பல் 1883 ஜூலையில் உள்ளே போனது. பெயர் ஐடஹோ, கேப்டன் ஜேம்ஸ் கேரல். கப்பலில் 26 வயதுப் பத்திரிகையாளர் எலைசா ஸ்கிட்மோர் இருந்தார். 1885இல் அவர் வெளியிட்ட புத்தகம் அலாஸ்காவுக்கு வழிகாட்டி நூல் போலவே ஆகிவிட்டது. (நேஷனல் ஜியோகிராபிக் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்ற முதல் பெண் இவர். வாஷிங்டனுக்கு ஜப்பானியச் செர்ரி மரங்கள் வந்ததிலும் இவருக்குப் பெரிய பங்கு. இந்தியாவுக்கும் வந்து, 1903இல் 'விண்டர் இந்தியா' என்று எழுதியிருக்கிறார். இவருக்கே ஒரு தனிப் பதிவு போட வேண்டும்.) கேரல் மியூர் பனியாற்றின் அருகே பலகை நடைபாதைகூடப் போட்டார். நீளப் பாவாடை கட்டிய சீமாட்டிகள் அதன்மேல் நடந்துபோய்ப் பனியில் ஏறினார்கள். 1899 செப்டம்பரில் ஒரு பெரும் பூகம்பம் அந்தப் பனியாற்றை நொறுக்கி விரிகுடாவைப் பனிக்கட்டிகளால் அடைத்துவிட்டது. பல வருடங்களுக்குச் சுற்றுலாக் கப்பல்கள் கிட்டே போக முடியவில்லை.

அதே 1899இல் இரண்டு கப்பல் பயணங்கள். ஓய்வெடுக்கும்படி டாக்டர் சொன்னதால், ரயில்வே கோடீஸ்வரர் ஹாரிமன் ஒரு கப்பல் நிறைய விஞ்ஞானிகளையும் ஓவியர்களையும் ஏற்றிக்கொண்டு அலாஸ்கா போனார். மியூரும் உண்டு. கேப் ஃபாக்ஸ் என்ற கிளிங்கிட் கிராமத்தில் ஆளில்லை என்று பார்த்து டோட்டம் கம்பங்களை எடுத்துவந்துவிட்டார்கள். அதற்குச் சில வாரங்கள் கழித்து சியாட்டில் வியாபாரிகளின் நல்லெண்ணக் குழு ஒன்று டாங்கஸ் கிராமத்தில் இறங்கி, ஒரு கம்பத்தை வெட்டிச் சாய்த்து, கொண்டுபோய் சியாட்டில் நடுத்தெருவில் நட்டது. வழக்கு வந்தபோது 500 டாலரில் முடிந்தது. இரண்டு இடத்திலும் சொன்ன நியாயம் ஒன்றுதான்: யாரும் இல்லை. மீன் பிடிக்கப் போயிருந்தாலும், அம்மைக்குப் பயந்து இடம் பெயர்ந்திருந்தாலும், யாரும் இல்லை. லீவில் ஊருக்குப் போயிருக்கும்போது நம்ம ஃப்ளாட்டைப் பார்த்து அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? ஹாரிமன் குழு எடுத்த பொருட்கள் 2001இல்தான் திரும்பிப் போயின.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை அமெரிக்கா 72 லட்சம் டாலருக்கு வாங்கியது நாம் பள்ளியில் படித்ததுதான். ஏக்கருக்கு சுமார் 2 சென்ட். ஒப்பந்தம் 1867 மார்ச்சில், ஒப்படைப்பு அக்டோபரில், காசோலை 1868 ஆகஸ்ட் 1ஆம் தேதி. சொத்து கைமாறி ஒன்பது மாதம் கழித்துப் பணம்! இப்படி ஒரு ஃபைல் என் மேஜைக்கு வந்தால் தூக்கம் போய்விடும். இதிலே விற்றவரும் வாங்கியவரும்தான் இருக்கிறார்கள். கரையோரம் சில கோட்டைகளைத் தவிர ரஷ்யர்கள் அந்த நாட்டை ஆண்டதே இல்லை. கிளிங்கிட் மக்களிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. அவன் நிலத்தை அவன் விற்கட்டும், எங்கள் நிலத்தை யார் விற்றது என்று அவர்கள் அப்போதே ஆட்சேபித்தார்கள்.

வழக்குப் போடவே அவர்களுக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. அது 1935இல் வந்தது. 1959இல் நீதிமன்றம் உரிமையை ஒப்புக்கொண்டது. 1968இல் தொகை தீர்ப்பானது: டாங்கஸ் காடும் கிளேசியர் பேயும் அடங்கிய தென்கிழக்கு நிலத்துக்கு கிளிங்கிட், ஹைடா மக்களுக்குச் சுமார் 75 லட்சம் டாலர். நிலம் பறிபோன காலத்து மதிப்பு. காசோலை எழுதிய 1868இல் 72 லட்சம், சரியாக நூறு வருடம் கழித்து 75 லட்சம். 72 லட்சத்தை நூறு வருடம் 3 சதவீதக் கூட்டு வட்டியில் போட்டிருந்தாலே 19 மடங்காகி 13 கோடியைத் தாண்டியிருக்கும். ஒன்று மொத்த அலாஸ்காவுக்கு, மற்றது ஒரு பகுதிக்கு என்று யாராவது ஆட்சேபிக்கலாம். சரிதான். ஆனால் இரண்டாவது தொகை சொந்தக்காரனுக்கு.

இதற்கு நடுவே 1925இல் கிளேசியர் பே தேசிய நினைவிடமானது, 1980இல் தேசியப் பூங்கா. இயற்கையைக் காக்கத்தான். 1936இல் அங்கே சுரங்கம் தோண்ட நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது, அது வேறு விஷயம். ஹூனா மக்களுக்கு வேட்டைக்குக் கட்டுப்பாடு வந்தது. வசந்தத்தில் குடும்பத்தோடு மார்பிள் தீவுகளுக்குப் போய்க் கடற்காக முட்டை சேகரிப்பது அவர்களுக்கு ஒரு திருவிழா மாதிரி. அதுவும் நின்றது. அதில் ஒரு நுணுக்கம் இருந்தது. கூட்டில் ஒன்றோ இரண்டோ முட்டை இருந்தால் எடுப்பார்கள், பறவை மறுபடி இடும். மூன்று இருந்தால் தொட மாட்டார்கள், அடைகாக்கத் தொடங்கியிருக்கும். இந்த முட்டைக்கு அனுமதி தரும் சட்டம் 2014இல்தான் வந்தது. அந்தத் தீவைத் தாண்டும்போது எங்கள் கப்பலில் எல்லோரும் பறவைகளைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம்.

2016இல் பூங்காவின் முகப்பில், பார்ட்லெட் கோவ் கரையில், ஹூனா மக்களின் குலவீடு ஒன்றைப் பூங்கா நிர்வாகமும் பழங்குடி அமைப்பும் சேர்ந்து கட்டித் திறந்தார்கள். ஊரைப் பனி மூடிய பிறகு விரிகுடாவில் எழுந்த முதல் குலவீடு. பெரிய கப்பல்கள் அங்கே நிற்பதில்லை.

போகப்போகிறவர்களுக்கு ஒன்று. சில கப்பல்கள் ஐஸி ஸ்ட்ரெய்ட் பாயிண்ட் என்ற துறையில் நிற்கும். டிக்கெட் எடுக்கும்போது அது பட்டியலில் இருக்கிறதா பாருங்கள், எங்கள் கப்பலில் இல்லை. ஹூனா ஊரின் துறை அதுதான். பழைய சால்மன் டின் தொழிற்சாலையைத் துறைமுகமாக்கி 2004இல் திறந்தார்கள். உரிமையாளர் ஹூனா டோட்டம் கார்ப்பரேஷன், பங்குதாரர்கள் அந்தக் குலங்களின் பிள்ளைகள். கப்பல் கட்டும் கட்டணம் அவர்கள் வரவுக் கணக்கில் ஏறுகிறது. துறையிலிருந்து ஊர் நடக்கும் தூரம்தான் என்கிறார்கள். யாராவது இறங்கி நடந்திருந்தால் எழுதுங்கள். மே முதல் செப்டம்பர் வரை சீசன். ஸ்வெட்டர் இரண்டு, மழைக்கோட்டு ஒன்று, ஊறுகாய் ஒரு பாட்டில்.