சிவப்பு என்னும் அளவுகோல்: ஈப்போக் கடைகளில் சன்ஸ்கிரீனும் வெளுப்புக் களிம்பும்

தமிழில் சிவப்பு என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் ‘நல்ல சிவப்பு’ என்றால் அது வெளுத்த நிறம். வெயிலில் முகம் சிவந்துவிட்டது என்றால் அது காயம். ஈப்போவின் ஜாலான் லாஹாட்டை ஒட்டிய லிட்டில் இந்தியாக் கடைகளிலும் சுற்றுவட்டார மருந்தகங்களிலும் இந்த இரண்டு சிவப்பும் ஒரே தட்டில் விற்பனைக்கு நிற்கின்றன. சன்ஸ்கிரீன் இரண்டாம் பொருளைத் தடுப்பதாகச் சொல்கிறது. வெளுப்புக் களிம்பு முதல் பொருளைத் தருவதாகச் சொல்கிறது. இவற்றின் சேர்மானங்களை ஒப்பிட முற்படுவோர் பெரும்பாலும் எஸ்.பி.எஃப். எண்ணிலிருந்து தொடங்குகிறார்கள். பேராக்கின் தமிழ்த் தோலுக்கு அந்தத் தொடக்கமே பிழை என்பது இக்கட்டுரையின் வாதம். இத்தோலின் முறையீடு சிவத்தல் அல்ல, கருத்தல். கன்னத்திலும் நெற்றியிலும் படரும் மங்கு.

எஸ்.பி.எஃப். எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் களிம்பு பூசிய தோல் சிவக்கத் தேவையான புற ஊதாக் கதிரை, பூசாத தோல் சிவக்கத் தேவையான கதிரால் வகுத்தால் வருவது அந்த எண். சிவப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. எனவே சோதனைக்கு வெளிர் தோல்காரர்களையே எடுக்கிறார்கள். தோல்களை வகைப்படுத்த உதவும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவையும் 1975இல் வெள்ளைத் தோல்களுக்காகவே வகுக்கப்பட்டது. மாநிறமும் கறுப்பும் ஐந்தாம், ஆறாம் வகைகளாகப் பிற்பாடுதான் சேர்ந்தன. 1996இல் ஜப்பானில் வந்த பி.ஏ. குறி சற்று வேறு. நீள் அலைப் புற ஊதாக் கதிரால் தோல் எவ்வளவு கருக்கிறது என்பதை அது அளக்கிறது. நமக்கு உறவு கொண்டாட வேண்டிய குறி அதுதான். ஆனால் விளம்பரத்தில் பெரிய எழுத்து எஸ்.பி.எஃப்.புக்கே. 30க்கும் 50க்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு? முதலாவது, சிவக்கவைக்கும் கதிரில் முப்பதில் ஒரு பங்கை உள்ளே விடுகிறது. இரண்டாவது ஐம்பதில் ஒரு பங்கை. நூற்றுக்கு ஒன்றரைப் பங்குகூட வேறுபாடு இல்லை.

‘தோட்டத்தில் மூன்று தலைமுறை வெயிலில் உழைத்தது, யார் சன்ஸ்கிரீன் பூசினார்கள்?’ என்ற மறுப்பு எழும். உண்மைதான், ஆனால் அந்த உழைப்பின் நேரத்தைக் கவனிக்க வேண்டும். 1877இல் கோலகங்சாரில் ரப்பர் நாற்று ஊன்றப்பட்ட இந்த மாநிலத்தில் பால்மரம் வெட்டுவது விடியுமுன் தொடங்கும் வேலை. குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும். பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு முடிந்து தம் மர வரிசையான நிரைக்குப் போனவர்கள் வளர்ந்த மரங்களின் நிழலில் நின்றார்கள். முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் கொசுவையும் பால் கறையையும் தடுத்ததோடு வெயிலையும் தடுத்தன. நெய்த துணியைவிட நம்பகமான சன்ஸ்கிரீன் இன்றும் இல்லை. களை வெட்டியோரும் மருந்தடித்தோரும் இந்த நிழலுக்கு வெளியே நின்றவர்கள். அவர்களைச் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பழைய பெருமை அவ்வளவு முழுமையானதல்ல. தோட்டத் துண்டாடலும் செம்பனையும் வந்தபின் புந்தோங், சுங்கை சிப்புட் போன்ற இடங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்களின் பகல் மோட்டார் சைக்கிளிலும் திறந்த சாலையிலும் கழிகிறது. தோல் மாறவில்லை, அது வெயிலைச் சந்திக்கும் மணி மாறிவிட்டது.

கறுத்த தோலுக்குக் காப்பே தேவையில்லை என்ற கூற்றிலும் பாதி உண்மை உண்டு. 1979இல் வெளியான ஓர் ஆய்வில், கறுப்பின மக்களின் மேல்தோல் ஏறத்தாழ 13 எஸ்.பி.எஃப். அளவுக்கும் வெள்ளையரின் மேல்தோல் 3க்குச் சற்று மேலும் இயல்பாகவே காப்பதாகக் கணக்கிட்டனர். எரிதலும் தோல் புற்றும் நம்மவரிடம் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் காக்கும் அதே நிறமிதான் தூண்டப்பட்டால் திட்டுத்திட்டாக மிகுகிறது. 2010இல் அமெரிக்க ஆய்வாளர் குழு ஒன்று, புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியே மாநிற, கறுத்த தோல்களில் நீடித்த கருமையை உண்டாக்குவதையும், வெளிர் தோலில் அது நிகழாததையும் காட்டியது. வழக்கமான சன்ஸ்கிரீன் வடிகட்டிகள் இந்த ஒளியைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு தடுக்கிறது. 2014இல் மெக்சிகோவில் மங்கு நோயாளிகளிடம் எட்டு வாரம் நடந்த சோதனையில், நிறமிக் குறைப்பு மருந்தோடு இரும்பு ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன் பூசியவர்கள் புற ஊதாக் காப்பு மட்டும் பூசியவர்களைவிடக் கூடுதலாகத் தேறினர். இரும்பு ஆக்சைடு நமக்கு அந்நியமும் அல்ல: கோவில் மதிலின் காவி அதுதான், கேலமைன் லோஷனின் இளஞ்சிவப்பும் துத்தநாக ஆக்சைடோடு சேர்ந்த அதன் ஒரு சிட்டிகைதான். வேடிக்கை என்னவென்றால், சட்டக் கணக்கில் அது வடிகட்டி அல்ல, வெறும் சாயம். எனவே சேர்மானப் பட்டியலின் கடைசியில் சிஐ 77491, 77492, 77499 என்ற எண்களாக ஒதுங்கிக் கிடக்கிறது. மேலிருந்து படிப்பவர் அங்கே போய்ச் சேருவதற்குள் அலுத்துவிடுவார்.

பட்டியலைப் படித்தாலும் எல்லாம் தெரிந்துவிடாது. 2003இல் ஆசியான் நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி மலேசியாவில் சன்ஸ்கிரீன் ஒப்பனைப் பொருள். அமெரிக்காவில் அது மருந்து. அங்கே வடிகட்டி ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு என்று உறையில் அச்சாக வேண்டும். இங்கே எடை இறங்குவரிசையில் பெயர் மட்டும் போதும், ஒரு விழுக்காட்டுக்குக் கீழ்ப்பட்டவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். சேர்மானங்கள் ஒன்றையொன்று பாதிப்பதும் பட்டியலில் தெரியாது. அவோபென்சோன் வெயிலில் சிதையும். ஆக்டினாக்சேட் உடனிருந்தால் விரைவாகச் சிதையும். ஆக்டோகிரைலீன் இருந்தால் தாங்கும். 2025இல் ஆஸ்திரேலியாவின் சாய்ஸ் நுகர்வோர் அமைப்பு 20 சன்ஸ்கிரீன்களைச் சோதித்ததில் 16, உறையில் எழுதிய எண்ணை எட்டவில்லை. தாளில் சிறந்ததாகத் தெரியும் துத்தநாக ஆக்சைடும் மாநிற முகத்தில் சாம்பல் பூத்தாற்போல் படிந்தால், பூசுபவர் பாதியளவே பூசுவார். காப்பும் எண்ணுக்கு வெகு கீழே இறங்கிவிடும். ரசாயன வடிகட்டிகள் ரத்தத்தில் கலப்பதாக 2019இல் வந்த ஆய்வைக் காட்டிச் சிலர் அவற்றை ஒதுக்கச் சொல்கிறார்கள். கலப்பது வேறு, கெடுப்பது வேறு. அந்த ஆய்வை நடத்தியவர்களே சன்ஸ்கிரீனைக் கைவிட வேண்டாம் என்றுதான் எழுதினார்கள்.

தட்டில் பக்கத்தில் நிற்கும் இன்னொரு குப்பியை விட்டுவிட்டுச் சன்ஸ்கிரீனை மட்டும் ஒப்பிடுவது அரைகுறை வேலை. தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை (என்.பி.ஆர்.ஏ.) அறிவிப்பெண்ணை ரத்துசெய்யும் களிம்புகளில் திரும்பத் திரும்பச் சிக்குபவை பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், பீட்டாமெத்தசோன் ஆகியவை. பாதரசம் நிறமி உருவாவதைத் தடுக்கிறது, சிறுநீரகத்தைத் தாக்குகிறது. கேரளத்தின் கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றில் 2021க்கும் 2023க்கும் இடையே குறிப்பிட்ட சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு அரிதான ஒரு வகை கண்டறியப்பட்டது. அவர்களில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள். ட்ரெட்டினாயின் தோலை வெயிலுக்குக் கூச வைக்கிறது. ஸ்டீராய்டு அதை மெலிய வைக்கிறது. ஹைட்ரோகுவினோனை ஆண்டுக்கணக்கில் பூசினால் நீலக்கருமை படிந்து, வெளுக்கப் போன முகம் நிரந்தரமாகக் கறுக்கும். இவற்றைப் பூசியவருக்குத்தான் வெயில்காப்பு முன்னிலும் அதிகமாகத் தேவைப்படுகிறது. இந்த நான்கும் உறையில் எழுதப்படுவதே அரிது என்பதால், இங்கே பட்டியல் ஒப்பீட்டுக்கு வேலையே இல்லை. 1984ஆம் ஆண்டு மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்கீழ் விற்கும் தனியாளுக்கு முதல் குற்றத்துக்கு 25,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ உண்டு. என்றாலும் 2008 முதல் நடப்பிலுள்ள முறை முன் அனுமதி முறையல்ல. நிறுவனமே பொறுப்பேற்றுத் தரும் அறிவிப்பு முறை. எண் இருப்பது நற்சான்று ஆகாது. எண் இல்லாதது தெளிவான எச்சரிக்கை.

மஞ்சளுக்கும் சந்தனத்துக்கும் திரும்பலாமே என்பார்கள். மஞ்சளின் குர்க்குமின் ஒளியை உறிஞ்சுவது மெய், ஆனால் அந்த ஒளியிலேயே அது சிதைந்தும் போகிறது. மலாய்ப் பெண்கள் பூசும் பெடாக் செஜுக் அரிசி மாவுக்கும் தேங்காயெண்ணெய்க்கும் வெயிலைத் தடுக்கும் வலு சொற்பம். இரும்பு ஆக்சைடு கலந்தவை விலை கூடுதல் என்ற மறுப்பு இவற்றைவிடக் கனமானது. அதற்கு விடை குடையும் முழுக்கைச் சட்டையும், மிச்சமுள்ள முகத்துக்கு மட்டும் களிம்பும். மங்கு உள்ளவருக்கு நிறமற்ற எஸ்.பி.எஃப். 50ஐவிட, தோல் நிறத்துக்கு இசைந்த, இரும்பு ஆக்சைடு சேர்ந்த எஸ்.பி.எஃப். 30 மேல் என்பது இந்த வாதத்தின் நடைமுறை விளைவு. மலேசிய உறைகளில் தமிழ் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மலாயோ ஆங்கிலமோ போதும், தாவரப் பெயர்கள் லத்தீனில். லயத்தில் வளர்ந்து தமிழ்ப்பள்ளியோடு நின்ற ஒரு மூதாட்டிக்கு அந்தப் பட்டியல் ஊமை. ஆனால் அதன் வாலில் இருக்கும் 77491, 77492, 77499 என்ற மூன்று எண்களையும், என்.பி.ஆர்.ஏ. அறிவிப்பெண்ணின் இலக்கங்களையும் அவரால் படித்துவிட முடியும்.