கட்சியற்ற ஆட்சி: சுப்பராயன் அமைச்சரவையும் இன்றைய ஊராட்சித் தேர்தலும்

கட்சி இல்லாமல் ஆட்சி நடத்த முடியுமா என்ற கேள்விக்குச் சென்னை மாகாணத்தில் ஒருமுறை சோதனையே நடந்தது. அதன் நாயகர் குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன். திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள குமாரமங்கலம் அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது; இன்று நாமக்கல் மாவட்டம்.

1926 தேர்தலில், மக்கள் தேர்ந்தெடுக்கும் 98 இடங்களில் சுயராஜ்யக் கட்சி 41 இடங்களையும் நீதிக்கட்சி 21 இடங்களையும் பெற்றன. இரட்டையாட்சியில் பதவி ஏற்பதில்லை என்பது சுயராஜ்யக் கட்சியின் கொள்கை. நீதிக்கட்சியும் ஆட்சி அமைக்க முன்வரவில்லை. எனவே ஆளுநர் கோஷன் பிரபு, சுயேச்சையான சுப்பராயனை முதலமைச்சராக்கினார். அரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் மற்ற இரு அமைச்சர்கள்.

கட்சி இல்லையென்றால் மன்றத்தில் கை தூக்குவது யார்? ஆளுநர் நியமித்த 34 உறுப்பினர்களே அமைச்சரவைக்குத் துணை நின்றனர். சுயேச்சை அமைச்சரவை என்பது பெயரளவில்தான். அதன் பிடி ஆளுநர் கையில் இருந்தது. சைமன் குழுவைப் புறக்கணிக்கும் பிரச்சினை எழுந்தபோது, புறக்கணிப்பை ஆதரித்த இரு அமைச்சர்களும் விலகினர். நீதிக்கட்சியின் ஆதரவால்தான் சுப்பராயன் 1930 வரை பதவியில் நீடித்தார். ஆயினும் அரசுப் பணிகளில் வகுப்புவாரி ஒதுக்கீட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தது இந்த அமைச்சரவையே. அதற்கு முன்னின்றவர் பின்னர் அமைச்சரான முத்தையா முதலியார்.

இன்றைய ஊராட்சித் தேர்தலில் இரு முறைகளும் அருகருகே உள்ளன. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ் நடக்கும் இத்தேர்தலில், கிராம வாக்காளர் ஒரே நாளில் நான்கு வாக்குகள் அளிக்கிறார். ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சிச் சின்னமின்றிப் போட்டியிடுவர். ஒன்றியக் கவுன்சிலரும் மாவட்டக் கவுன்சிலரும் கட்சிச் சின்னத்தில் நிற்பர். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் 2019 டிசம்பரில் இவ்வாறுதான் வாக்களித்தனர். தலைவர் வேட்பாளர் எந்தக் கட்சிக்காரர் என்பது ஊருக்கே தெரியும்; வாக்குச்சீட்டுக்கு மட்டும் தெரியாது!

கட்சிச் சின்னத்தில் வென்றவர் தவறினால் அடுத்த தேர்தலில் அவருடைய கட்சியையும் கேட்கலாம். ஊராட்சித் தலைவர் விஷயத்தில் அந்த வழி இல்லை. சட்டத்தின் 205ஆம் பிரிவின்படி, ஊராட்சி மன்றத்தின் கருத்தைக் கேட்டபின் அவரைப் பதவி நீக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஒருவரின் பதவி, 1926இல் போலவே, தேர்தலில் நிற்காத ஓர் அதிகாரியின் கையெழுத்தையும் சார்ந்து நிற்கிறது.