கடகேஸ்: நண்பர்கள் கண்டெடுத்த கடலோர ஊர்

ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில், பிரெஞ்சு எல்லைக்குச் சற்றுத் தெற்கே, காப் தெ கிரேயுஸ் முனையில் ஒதுங்கியிருக்கும் மீனவ ஊர் கடகேஸ். கட்டலோனியாவின் மற்றக் கடற்கரை ஊர்கள் பலவற்றில் அடுக்குமாடி விடுதிகள் எழுந்துவிட்ட பிறகும் இங்கே வெள்ளையடித்த சிறு வீடுகளும் வளைகுடாவைச் சுற்றிய சந்துகளும் நிலைத்திருக்கின்றன. இந்த அமைதி யாரும் திட்டமிட்டு உண்டாக்கியதல்ல. முதலில் மலை காத்தது, பிறகு வறுமை காத்தது. சட்டம் வந்தது கடைசியில்தான்.

ஊருக்குப் பின்னால் 600 மீட்டர் உயரத்துக்கு பெனி மலை நிற்கிறது. அதைக் கடந்து வண்டிப் பாதை வர வெகுகாலம் ஆயிற்று. 1870-களின் கடைசியில் பார்சிலோனாவிலிருந்து பிரான்ஸுக்குப் போன ரயில் பாதை ஃபிகேரஸ் நகரம் வழியாகச் சென்றதே தவிர இந்தப் பக்கம் திரும்பவில்லை. வெளியுலகத்துக்குப் போகக் கடலே வழி. முப்பது சொச்சம் கிலோமீட்டரில் இருக்கும் ஃபிகேரஸைவிடக் கியூபாவின் ஹவானாவை நன்றாக அறிந்தவர்கள் என்று கடகேஸ்காரர்களைக் கேலியாகச் சொல்வதுண்டு. கடல்வழி ஆபத்தும் வந்தது. 1543-இல் பார்பரோசாவின் ஒட்டோமான் கப்பற்படை ஊரைத் தாக்கியபோது மேட்டிலிருந்த தேவாலயமும் அழிந்தது. இன்று நிற்கும் சாந்தா மரியா தேவாலயம் அதன் பின் கட்டியது. உள்ளே தங்கம் பூசிய பெரிய பலிபீட வேலைப்பாடு 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

நெத்திலியும் மத்தியும் பிடித்து உப்பிடுவது ஒரு பிழைப்பு. திராட்சை பயிரிட்டு ஒயினைக் கப்பலேற்றுவது இன்னொன்று. மலைச்சரிவு முழுவதும், சுண்ணாம்போ மண்ணோ வைக்காமல் பலகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுவர்களால் படிப்படியாக மண்ணைத் தடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். தெருவுக்கும் அதே பலகைக்கல்தான். தட்டையாகப் பரப்பாமல், கல்லைச் செங்குத்தாக நிறுத்தி விளிம்பு மேலே தெரியும்படி நெருக்கிப் பதித்தார்கள். சரிவான சந்தில் மழைநாளிலும் கால் வழுக்காது. பழைய பகுதிகளில் இந்தத் தளத்தை இன்றும் பார்க்கலாம். சக்கரம் வைத்த பெட்டியை இழுத்து வருபவருக்கு மட்டும் இது சோதனை.

1879-இல் பிரான்ஸிலிருந்து எல்லை கடந்து இந்த ஊர் இருக்கும் எம்பொர்தா பகுதிக்குள் நுழைந்த ஃபில்லோக்செரா பூச்சி சில ஆண்டுகளில் திராட்சைக் கொடிகளை அழித்தது. பலர் கியூபாவுக்குக் கப்பலேறினார்கள். பணத்தோடு திரும்பிய சிலர் கடற்கரையில் ஆடம்பர வீடுகள் எழுப்பினார்கள். நீல ஓடு பதித்த வீடு ஒன்று இன்றும் தனித்துத் தெரிகிறது. படிச்சரிவுகளில் கொடிகளுக்குப் பதிலாக வந்த ஒலிவ மரங்களையும் 1956 பிப்ரவரியின் கடும் உறைபனி பெருமளவு அழித்தது. நிலமும் வீடும் மலிவாகக் கிடைத்தது இப்படித்தான்.

விடுமுறைக்கு வருவோரை முதலில் சேர்த்த பெருமை ஓவியர் டாலிக்கே போகிறது. உண்மையில் பிச்சோத் குடும்பத்துக்குத்தான் அது போக வேண்டும். ஓவியர் ரமோன் பிச்சோத்தும் இசைவாணர்களான உடன்பிறந்தோரும் கடற்கரையில் வீடு வைத்துக்கொண்டு நண்பர்களை அழைத்தார்கள். 1910 கோடையில் பிக்காசோ அப்படித்தான் வந்து, கியூபிசத்தின் மிகக் கடினமான சில படங்களை இங்கே வரைந்தார். ஃபிகேரஸில் நோட்டரியாக இருந்த டாலியின் தந்தைக்கும் பிச்சோத்துகள் நண்பர்கள். அதனால் அவர் குடும்பமும் கோடைகளை இங்கே கழித்தது. சால்வதோர் டாலி தன் நண்பர் கவிஞர் லோர்காவை 1925-இல் அழைத்து வந்தார். 1929 கோடையில் திரைப்பட இயக்குநர் புன்யுவெல், ஓவியர் மக்ரித், கவிஞர் எலுவார், அவர் மனைவி காலா எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். காலா டாலியுடன் தங்கிவிட்டார். மகனைத் தந்தை வீட்டை விட்டு விரட்ட, டாலி 1930-இல் பக்கத்து போர்ட்லிகட் விரிகுடாவில் ஒரு மீனவக் குடிலை வாங்கி, நாற்பது ஆண்டுகளில் அக்கம்பக்கத்துக் குடில்களையும் சேர்த்துப் பெரிதாக்கினார். 1982-இல் காலா இறந்தபின் அவர் அங்கே வாழவில்லை. 1997 முதல் அது அருங்காட்சியகம்.

1958 முதல் கலைஞர் மார்செல் துஷாம் கோடைதோறும் வந்து, மெலிதோன் காபிக்கடையில் சதுரங்கம் ஆடினார். அதே காலத்தில் கொதேர்க், கொரேயா, மிலா போன்ற பார்சிலோனா கட்டடக் கலைஞர்கள் மீனவர் வீடுகளின் வெள்ளைச் சுவரையும் சிறு அளவையும் மாற்றாமல் நண்பர்களுக்கு விடுமுறை வீடுகள் அமைத்தார்கள். பணக்காரர் கோடைவீடு என்றாலே கண்ணை உறுத்தும் என்பதற்கு இது ஒரு விலக்கு.

பெருவாரியான சுற்றுலாவும் ஒருமுறை எட்டிப் பார்த்தது. 1962-இல் முனையின் பாறைகளுக்கிடையே கிளப் மெட் நிறுவனம் 400-க்கும் மேற்பட்ட கட்டடங்களுடன் ஒரு விடுமுறைக் குடியிருப்பைத் திறந்தது. 1998-இல் முனை முழுவதும் இயற்கைப் பூங்கா ஆனது. குடியிருப்பு 2003-இல் மூடப்பட்டு, 2009, 2010 ஆண்டுகளில் இடிக்கப்பட்டது. பாறைகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அயலிலிருந்து புகுந்த செடிகளையும் பிடுங்கினார்கள்.

இன்று கடகேஸில் நிரந்தரக் குடிகள் மூவாயிரத்துக்குள். அவர்கள் வீடுகளைவிட விடுமுறை வீடுகளே அதிகம். ரயில் இன்னும் வரவில்லை. பேருந்தோ காரோ வளைந்து வளைந்து மலையேறி இறங்குகிறது. ஆகஸ்டில் ஊர் நிரம்பி வழியும். நண்பர்கள் சேர்ந்து வீடு எடுப்பதற்கு ஜூனும் செப்டம்பரும் ஏற்றவை. திரமுந்தானா என்ற வடகாற்று எந்த மாதத்திலும் சில நாள் விடாமல் அடிக்கக்கூடும். அப்போது படகுப் பயணம் நடக்காது.