தாம்பரத்தில் படித்தவர் ஒளிக்கு வைத்த பரீட்சை

கிழக்குத் தாம்பரத்தில் இருக்கும் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் பாரிமுனையிலிருந்து அங்கே இடம் மாறியது. மரமும் புதரும் அடர்ந்து புள்ளிமான்கள் திரியும் வளாகம் அது. 1951-ல் அங்கே ஆனர்ஸ் பட்டம் முடித்து வெளியே வந்த ஒரு மாணவரின் பெயர் இன்று குவாண்டம் ஒளியியல் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் தினமும் மின்சார ரயிலில் போய்வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

அவர்தான் எண்ணக்கல் சாண்டி ஜார்ஜ் சுதர்சன், சுருக்கமாக இ.சி.ஜி. சுதர்சன். 1931 செப்டம்பர் 16 அன்று கோட்டயம் அருகே பள்ளம் என்ற ஊரில் பிறந்தார். கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரி, பிறகு தாம்பரம், 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை. சிறிது காலம் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்துவிட்டு, அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு ராபர்ட் மார்ஷாக்கிடம் ஆய்வு மாணவராகப் போனார்.

முதல் அடி

1957-ல் மார்ஷாக்கும் சுதர்சனும் மென்விசை பற்றிய ஒரு கோட்பாட்டை உருவாக்கினார்கள். கதிரியக்கத்தில் பீட்டா சிதைவு நடக்கக் காரணமான விசை இது. அந்த வருடம் ஏப்ரலில் ரோச்செஸ்டரிலேயே பெரிய மாநாடு நடந்தது. சுதர்சன் அப்போது வெறும் மாணவர், அதனால் பேச வாய்ப்பு கிடைக்கவில்லை. செப்டம்பரில் இத்தாலியில் நடந்த மாநாட்டில் கட்டுரை வாசிக்கப்பட்டது, ஆனால் அந்த மாநாட்டுத் தொகுப்பு அச்சாகி வரத் தாமதமானது. அதற்குள் 1958 ஜனவரியில் ஃபைன்மனும் கெல்-மானும் அதே கருத்தைப் பிரபலமான ஆய்விதழில் வெளியிட்டுவிட்டார்கள். சுதர்சனும் மார்ஷாக்கும்தான் இதைக் கண்டுபிடித்தவர்கள் என்று பின்னாளில் ஃபைன்மனே ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்குள் உலகம் வேறு பெயர்களைச் சொல்லிப் பழகிவிட்டது.

1963: ஒளியின் கணக்கு

1956-ல் ஹான்பரி பிரவுன், ட்விஸ் என்ற இருவர் இரண்டு பெரிய கண்ணாடிகளை சிரியஸ் நட்சத்திரத்தை நோக்கித் திருப்பி வைத்து, இரண்டிலும் விழும் வெளிச்சம் சேர்ந்தே ஏறி இறங்குவதைக் காட்டினார்கள். ஒளி ஃபோட்டான் என்ற துகள்களாக வருகிறது என்றால், இரண்டு கண்ணாடிக்கும் இடையே எப்படி இந்த ஒற்றுமை? பல இயற்பியலாளர்கள் நம்பவே இல்லை. 1960-ல் லேசர் வேறு வந்து சேர்ந்தது. ஒளியை அலையாக வைத்துக் கணக்குப் போட்டால் போதுமா, குவாண்டம் கணக்குதான் வேண்டுமா என்று பெரிய விவாதம் கிளம்பியது.

1963 பிப்ரவரியில் ஹார்வர்டைச் சேர்ந்த ராய் கிளௌபர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். லேசர் மாதிரியான ஒளியை விளக்க, பழைய அலைக் கணக்கு போதாது, குவாண்டம் முறைதான் வேண்டும் என்பது அவர் வாதம். ஏப்ரலில் அதே இதழில் சுதர்சனின் கட்டுரை வந்தது. எந்த ஒளியாக இருந்தாலும், அதை லேசர் போன்ற சீரான அலைகளின் கலவையாக எழுதிவிடலாம் என்று அவர் காட்டினார்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. பில்டர் காபிப் பொடி வாங்கும்போது 80 பங்கு காபி, 20 பங்கு சிக்கரி என்று சொல்லி அரைக்கச் சொல்கிறோம் அல்லவா? அதுபோல ஒவ்வொரு அலையும் எத்தனை பங்கு என்பதைச் சொல்லும் ஒரு கணக்குதான் சுதர்சன் கொடுத்தது. பங்குகள் எல்லாம் பூஜ்யமோ அதற்கு மேலோ இருந்தால் பிரச்சினை இல்லை, பழைய அலைக் கணக்கும் குவாண்டம் கணக்கும் ஒரே விடையைத் தரும். குண்டு பல்பும் சூரியனும் நட்சத்திரமும் இந்த வகை. ஆனால் சில ஒளிகளுக்குக் கணக்குப் போட்டால் பங்கு மைனஸில் வரும்! மைனஸ் 10 கிராம் சிக்கரியை எந்தக் கடையில் அரைத்துத் தருவார்கள்? அப்படி ஒரு கலவை உலகத்தில் கிடையாது. ஆகவே அந்த ஒளியை அலைகளின் கலவை என்று சொல்லவே முடியாது, அது அசல் குவாண்டம் ஒளி.

அதாவது, ஒளிக்கு ஒரு பரீட்சை கிடைத்துவிட்டது. 1977-ல் அதே ரோச்செஸ்டரில் கிம்பிள், டாஜெனே, மாண்டல் மூவரும் அப்படிப்பட்ட ஒளியைச் சோதனைச் சாலையிலேயே பார்த்தார்கள். ஃபோட்டான்கள் ஒன்றாகக் கும்பலாக வராமல், ஒன்றுக்குப் பின் ஒன்றாக விலகி வந்தன.

2005: இரண்டாவது அடி

1963 செப்டம்பரில் கிளௌபர் தன் நீண்ட கட்டுரையில் அதே வகை எழுத்துமுறைக்கு 'பி' என்று பெயர் வைத்தார். இரண்டு பெயரையும் சேர்த்து கிளௌபர்–சுதர்சன் முறை என்று இன்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. ஆனால் 2005-ல் இயற்பியல் நோபல் பரிசில் பாதி கிளௌபருக்குக் கிடைத்தது, மீதிப் பாதி ஹால், ஹேன்ஷ் இருவருக்கு. சுதர்சன் பெயர் இல்லை. அவர் நோபல் குழுவுக்குக் கடிதம் எழுதினார். வேறு சில இயற்பியலாளர்களும் அவர் சார்பில் எழுதினார்கள். எதுவும் மாறவில்லை.

கிளௌபர் ஒன்றும் இரவல் அறிவில் பரிசு வாங்கியவர் அல்ல. ஃபோட்டான்களின் தொடர்பை அளக்கும் முறையையே வகுத்தவர் அவர். சுதர்சனின் வாதம், எல்லா ஒளிக்கும் பொருந்தும் என்று முதலில் காட்டியது தான்தான் என்பது. ஒரே பரிசை மூன்று பேருக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பது நோபல் விதி. அந்த வருடம் மூன்று இடமும் நிரம்பிவிட்டது. விதி சரி, ஆனால் கணக்கு சரியா?

மறுபடியும் தென்சென்னை

நம் ஊரோடு அவர் உறவு தாம்பரத்தோடு முடியவில்லை. 1984-ல் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநரானார். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழக வேலையையும் விடாமல், ஆஸ்டினுக்கும் சென்னைக்கும் இடையே பறந்துகொண்டிருந்தார். 1976-ல் பத்ம பூஷண், 2007-ல் பத்ம விபூஷண், 2010-ல் டிராக் பதக்கம் கிடைத்தன. 2018 மே 13 அன்று டெக்சாஸில் காலமானார். அதே வருடம் டிசம்பரில் கிளௌபரும் மறைந்தார்.

அந்தத் தரமணி நிறுவனத்துக்குப் பக்கத்திலேயே ஐ.ஐ.டி. மெட்ராஸ் இருக்கிறது. நானோ ஒளியியலுக்கும் சிலிக்கான் ஃபோட்டானிக்ஸுக்கும் அங்கே தனி ஆய்வு மையங்கள் உண்டு. சிலிக்கான் சிப்பில் சுமார் 500 நானோமீட்டர் அகலத்துக்கு ஒளி போகும் பாதை செதுக்குவது இந்தத் துறையில் வழக்கம். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை! உலகின் பல ஆய்வகங்களில் இப்படிப்பட்ட நுண்ணிய அமைப்புகளிலிருந்து ஒற்றை ஒற்றையாக ஃபோட்டான் எடுக்க முயல்கிறார்கள். ரகசியத் தகவல் அனுப்பவும் குவாண்டம் கணினிக்கும் அது தேவை. வந்தது அசல் குவாண்டம் ஒளிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஃபோட்டான்கள் விலகி வருகின்றனவா என்று அளக்கிறார்கள். விலகி வந்தால், சுதர்சனின் கணக்கில் பங்கு மைனஸ் என்று அர்த்தம்.

பரிசுப் பட்டியலில் அவர் பெயர் விடுபட்டுப் போயிருக்கலாம். ஆனால் தாம்பரத்து மாணவர் வைத்த பரீட்சையை ஒளி இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறது.