மடையும் வால்வும்

தொழில் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பெரிய பொறிகளைப் பற்றியே எழுதுவர். நீராவிப் பொறி, மின்னாக்கி, ஆலை, அணைக்கட்டு ஆகியவையே அவர்கள் கண்ணில் முதலில் படுகின்றன. அப்பொறிகளின் உள்ளே ஒதுங்கியிருந்து, ‘போ’ என்றும் ‘நில்’ என்றும் கட்டளையிடும் சிறு கதவுகளைப் பற்றிப் பேசுவோர் சிலரே. நம் வீட்டுச் சமையலறையிலுள்ள குக்கரிலும், கொல்லையிலுள்ள அடிகுழாயிலும், கூரைமேல் உள்ள நீர்த்தொட்டியிலும், துணி துவைக்கும் இயந்திரத்திலும் இத்தகைய கதவுகள் இருக்கின்றன. அவற்றை நாம் வால்வு என்கிறோம். அவற்றின் வரலாற்றை அயல்நாட்டுத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து தொடங்க நான் விரும்பவில்லை. மதுரையைச் சூழ்ந்த சமவெளியிலுள்ள ஒரு கண்மாய்க் கரையிலிருந்து தொடங்குகிறேன்.

மதுரை வட்டாரத்தில் ஏரியைக் கண்மாய் என்பர். அங்கே மழை பெரிதும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்துவிடுகிறது. பயிருக்கோ அதன் பின்னரும் பல வாரங்களுக்கு நீர் வேண்டும். நீரைத் தேக்குவதற்குக் கரை போதும். தேக்கிய நீரைக் காலமறிந்து பங்கிடுவதற்கு மடை வேண்டும். இத்தேவையை நம் முன்னோர் நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்திருந்தனர். மதுரையில் வைகைப் படுகையிலே கிடைத்த ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று, ஆற்றில் மதகு அமைத்த செய்தியைக் கூறுகிறது. ஒரு கதவை அமைத்ததும் கல்லில் பொறிக்கத்தக்க அரும்பணியாக அந்நாளில் கருதப்பட்டது என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

பழைய கண்மாய்களில் நீர் வற்றியிருக்கும்பொழுது, கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, இரண்டு கல்தூண்கள் நிமிர்ந்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன். நீங்களும் கண்டிருக்கலாம். அதுவே குமிழித் தூம்பு. தூண்களின் அடியில் ஒரு கற்பெட்டி இருக்கும். அதன் மேற்பலகையில் வட்டமான துளை ஒன்று உண்டு. கீழ்நோக்கிக் குறுகிய ஓர் அடைப்பு அத்துளையில் பொருந்தி நிற்கும். அடைப்போடு இணைந்த நீண்ட தண்டு, தூண்களுக்கு இடையே உள்ள குறுக்குக் கற்களின் துளைகள் வழியே மேலே வரும். நீர் வேண்டும்பொழுது ஒருவர் நீந்திச் சென்று தண்டை உயர்த்துவார். துளை திறக்கும், நீர் கற்பெட்டியில் விழுந்து, கரைக்கு அடியிலுள்ள சுரங்கக் கால் வழியே வயலுக்குப் பாயும். கற்பெட்டியின் அடியில் சேறு வெளியேறுவதற்கென்று வேறு துளைகளும் வைத்தனர். நீரையும் சேற்றையும் ஒருசேர வெளியேற்றும் இந்த அமைப்பு வியக்கத்தக்கதன்றோ?

கண்மாய்க்கு இன்னொரு கதவும் உண்டு. அது கலுங்கு. கண்மாய் நிறைந்து, நீர் குறித்த மட்டத்தைத் தாண்டினால், கலுங்கின் மேல் தானே வழிந்து ஓடும். இதனையே மறுகால் பாய்தல் என்பர். கலுங்கைத் திறக்க ஆள் வேண்டுவதில்லை. நள்ளிரவில் பெருமழை பெய்து ஊரே உறங்கினாலும் அது தன் கடமையைச் செய்யும்.

இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குங்கள். மடையின் தண்டு ஒருநாள் முறிந்துவிட்டது என்று கொள்வோம். அடைப்பு தன் எடையாலும், மேலே நிற்கும் நீரின் அழுத்தத்தாலும் துளையிலேயே அமர்ந்துவிடும். மடை மூடியே நிற்கும். ஊரின் நீர் வீணாகாது. கலுங்கோ எக்காலத்தும் திறந்தே இருப்பது. காவலர் ஒருவரும் இல்லாவிடினும் கரை உடையாது. கருவி பழுதுற்றால் அது எந்த நிலையில் நிற்பது நலம் என்ற கேள்வியைக் கேட்டு, மடைக்கு ‘மூடி நில்’ என்றும், கலுங்குக்குத் ‘திறந்து நில்’ என்றும் விடை கண்டவர்கள் நம் முன்னோர். இன்றைய வீட்டுக் கருவிகளை வடிக்கும் பொறியாளரும் இதே கேள்வியைத்தான் கேட்கின்றனர்.

ஆயினும் மடையைத் தானே இயங்க விட்டுவிட இயலாது. அதனைத் திறக்கவும் மூடவும் ஊரார் நீர்பாய்ச்சி என்பவரை அமர்த்தினர். அறுவடையில் அவருக்கு நெல் பங்கு உண்டு. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்பதை அவர் கணக்கில் வைத்திருப்பார். அவர் மடையை அளவுக்கு மீறித் திறந்தால் கடைமடைக் குடியானவனின் பயிர் கருகும். கண்மாய் நிறைந்திருக்கும் காலத்தில் நீருக்குள் மூழ்கி அடைப்பைச் சரிசெய்வது உயிருக்கு அஞ்சாதவர் செய்யும் பணி. வால்வு என்னும் கருவிக்குப் பின்னால் முதலில் நின்றது ஒரு மனிதரின் கையும் நடுவுநிலைமையும் என்பதை இதனால் அறிகிறோம்.

கையின் உதவி இன்றி, ஓடும் பொருளே திறந்து மூடும் வால்வு அடுத்த படி. கொல்லன் உலையில் இதனைக் காணலாம். பழைய ஆட்டுத்தோல் துருத்தியில் காற்று புகும் வாயைத் தொழிலாளியின் கையே விரித்து மூடியது. பின்னர் அவ்விடத்தில் ஒரு தோல் இதழ் பொருத்தப்பட்டது. துருத்தி விரியும்பொழுது வெளிக்காற்று இதழைத் தள்ளித் திறக்கிறது. அமுக்கும்பொழுது உட்காற்றே அதனை மூடிவிடுகிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த டெசிபியஸ் என்னும் அறிஞர் இதே வழியைப் பின்பற்றி நீரை மேலே தள்ளும் குழாய்ப்பொறியை அமைத்தார். நம் கொல்லையிலுள்ள அடிகுழாயும் அதன் வழித்தோன்றலே. அதன் உள்ளே உள்ள தோல் வாசர் காய்ந்துவிட்டால் எத்தனை முறை அடித்தாலும் நீர் வாராது. ஒரு செம்பு நீரை மேலே ஊற்றினால் வாசர் நனைந்து இறுகும், நீர் வரும். அந்த ஒரு செம்பு நீர் வால்வுக்கு நாம் கொடுக்கும் கூலி எனலாம்.

மூன்றாம் படி, நிலைமையை அறிந்து தானே இயங்கும் வால்வு. நீர்த்தொட்டியிலுள்ள மிதவை நீரோடு உயர்ந்து, தொட்டி நிறைந்ததும் குழாயை அடைக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த பனு மூசா சகோதரர் மூவர் இத்தகைய மிதவைகளைக் கொண்டு பல கருவிகளை அமைத்தனர். 1679ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் டெனி பாப்பின், இறுக மூடிய கலத்தில் எலும்பையும் மென்மையாக வேகவைத்து இலண்டன் அரச கழகத்தாருக்குக் காட்டினார். கலம் வெடித்துவிடாதிருக்க, ஆவி வெளியேறும் துளையின்மேல் எடை தாங்கிய மூடி ஒன்றை அவர் அமைத்தார். ஆவியின் அழுத்தம் எடையை வென்றால் மூடி உயரும். மிகுந்த ஆவி வெளியேறும்.

1959ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் வைகை அணையை முதலமைச்சர் காமராசர் திறந்துவைத்தார். அதே ஆண்டளவில் நம் நாட்டிலேயே குக்கர் செய்யும் தொழிலும் தொடங்கியது. முன்னதன் கதவுகள் ஆயிரக்கணக்கான வயல்களுக்கு. பின்னதன் கதவு ஓர் அடுப்புக்கு. ஆயினும் இரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. குக்கரின் மேல் ஆடும் வெயிட்டைக் கலுங்கு என்றே நான் சொல்வேன். உள்ளே நீர் ஏறத்தாழ 120 பாகை செல்சியசில் கொதிக்கிறது. மிகுந்த ஆவி வெயிட்டைத் தூக்கி மறுகால் பாய்கிறது. பருப்பின் தோல் அடைத்து அவ்வழி மூடிவிட்டால் என்ன செய்வது? அதற்கென்று மூடியில் எளிதில் உருகும் உலோகம் வைத்த இன்னொரு வால்வு உண்டு. வெப்பம் எல்லை மீறினால் அவ்வுலோகம் உருகி வழிவிடும். இங்கே விதி, ‘பழுதுற்றால் திறந்து நில்’ என்பது.

துணி துவைக்கும் இயந்திரத்தில் நீர் வரும் வால்வு இதற்கு எதிரானது. மின்சாரம் ஒரு கம்பிச்சுருளில் பாய்ந்து காந்தமாகி, இரும்புத் தண்டை உயர்த்தினால்தான் நீர் வரும். மின்சாரம் நின்றால் சுருள்வில் தண்டைக் கீழே தள்ளி வழியை அடைத்துவிடும். வீடு வெள்ளக்காடாகாது. நீருக்குள் நீந்திச் சென்று தண்டை உயர்த்திய கையின் வேலையை இங்கே மின்காந்தம் செய்கிறது. அடைப்பின்மேல் நின்ற நீரின் வேலையைச் சுருள்வில் செய்கிறது. குமிழித் தூம்பு கற்பித்த பாடம் அன்றோ இது? குளிர்ப் பெட்டியின் உறைபனி அறையிலிருந்து கீழறைக்குக் குளிர்காற்றை அளந்து விடும் சிறு தடுப்புப் பலகையும் வாய்க்காலில் நீரை அளந்து விடும் பலகையை ஒத்ததே.

தானே இயங்கும் கருவி வந்த பின் காவல் வேண்டுவதில்லை என்று எண்ணலாகாது. நீராவிப் பொறி பெருகிய 19ஆம் நூற்றாண்டில், கூடுதல் விசையை நாடிய தொழிலாளர் சிலர் காப்பு வால்வின்மேல் எடையைக் கூட்டினர். கொதிகலங்கள் வெடித்து உயிர்கள் மாண்டன. கூடுதல் நீரை நாடிக் கலுங்கை மண்ணிட்டு உயர்த்துவோரும் அதே தவற்றைச் செய்கின்றனர். அவர்கள் ஊரின் வயல்கள் சில நாள் கூடுதலாக நனையும். கரை உடைந்தால் கீழுள்ள ஊரின் குடிசைகள் அடித்துச் செல்லப்படும்.

ஆகவே மாணவர்களே, இனி ஒரு வால்வைக் காணும்பொழுது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதனைத் திறப்பது எது? மூடுவது எது? பழுதுற்றால் இது எந்த நிலையில் நிற்கும்? விடை தெரியாவிடில் பெரியோரின் துணையோடு அதனைக் கழற்றிப் பாருங்கள். இன்று மாலை சமையல் தொடங்குமுன் குக்கரின் ஆவித்துளையை ஒளிக்கு எதிரே பிடித்து, அடைப்பில்லை என்று உறுதிசெய்து கொடுங்கள். கண்மாயில் நீர்பாய்ச்சி செய்த பணி வீட்டில் இனி உங்களுடையது.